மாணவர் ஈ

நூற்றிப் பன்னிரண்டு பக்கம், சுருள்கம்பிக் கட்டு.
'வன்னியில் முடக்க காலமும் மாணவர் உளநலமும்:
ஐந்து தனியாள் ஆய்வுகள்.'
இரண்டாம் பரீட்சகர் நான்.
வெள்ளிக்கிழமைக்குள் புள்ளி வேணுமாம்.

மாங்குளத்தில் ஏழரைக்கே கரண்ட் போய்விட்டது.
போன் வெளிச்சத்தில் மூன்றாம் அத்தியாயம்.
பிள்ளைகளைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தாளாம் நிரோஜினி.
ஓரத்தில் எழுதினேன்:
தொலைபேசி இல்லாத பிள்ளை எந்தப் பக்கத்தில்?
எழுதிவிட்டு எனக்கே கொஞ்சம் பெருமை.

பிள்ளைகளுக்குப் பெயரில்லை. அ, ஆ, இ, ஈ, உ.

மாணவி அ-விடம் வினாக்கொத்து கேட்கிறது:
கடந்த இரு வாரங்களில் வெளியே போகப் பயந்தீரா?
'ஓம் மிஸ். யானை நிக்குது.'
பதகளிப்பு, மூன்று புள்ளி.
யானைக்கும் சேர்த்துத்தான் கூட்டியிருக்கிறாள்.

மாணவன் ஆ நாற்பது நிமிடமும்
'பிரச்சினை ஒண்டும் இல்லை' என்கிறான்.
அடைப்புக்குறிக்குள்: பின்னணியில் இருமல்.
யாருடைய இருமல் என்று கேட்டுக் கோடிட்டேன்.

இ-யின் தாய் சொல்கிறா,
'ஊரடங்கு எங்களுக்குப் புதுசே பிள்ளை?'
அதற்கு நிரோஜினி இட்ட குறியீடு: மீண்டெழும் தன்மை.
என் பேனை அந்த இடத்தில் தாளைக் கிழித்தது.
பழகிப்போனது வேறு, தங்கச்சி.
அதை அழித்துவிட்டு
'மேலதிக விளக்கம் தேவை' என்று எழுதினேன்.

எழுபத்தோராம் பக்கம். ஈ.
வயது பதினைந்து. தாய் கண்டி வீதியில் கச்சான் விற்பவர்.
சிக்னலுக்காகப் பஸ் தரிப்பிடத்துக் கூரையில் ஏறுவான்.
சூம் வகுப்பு முடிந்தாலும் இறங்கமாட்டான்.
ஏன் என்று கேட்டிருக்கிறாள்.
'மேலை இருந்தால் றோட்டு ரெண்டு பக்கமும்
வெறுமையாத் தெரியும் மிஸ்.
ஒருத்தருமே வராட்டி
அப்பா வராததும் அதுக்குள்ளை ஒண்டு எண்டு இருக்கும்.'

பேனையை வைத்துவிட்டேன்.
ஏழு வருசமாக ஆய்வேடு திருத்துகிறேன்.
வீதம், விலகல், அட்டவணை நான்கு தசம் இரண்டு.
ஒரு பிள்ளை வாய் திறந்து கதைத்தது
இன்றைக்குத்தான்.

கரண்ட் வந்தது. மின்விசிறி பக்கங்களைப் புரட்டியது.
அப்போதுதான் உறைத்தது,
இவனை எனக்குத் தெரியும்.

எனக்கு மட்டுமா? தபாற்காரருக்குத் தெரியும்,
கச்சான் வாங்கிய ஒவ்வொரு சாரதிக்கும் தெரியும்.
பெயரை மாற்றியிருக்கிறாள்.
கூரையை மாற்றவில்லை.
ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது:
பங்கேற்பாளரின் அடையாளம் முற்றாக மறைக்கப்பட்டுள்ளது.
கொழும்பில் மறையும்.
எண்பத்து நான்கு குடும்பத்துக்குள்
எந்தப் பிள்ளையை எந்த எழுத்துக்குப் பின்னால் ஒளிப்பது?

பக்கம் 71, இரண்டாம் பந்தி: நீக்கவும்.

எழுதினேன். வெட்டினேன். திரும்ப எழுதினேன்.
முழு ஆய்விலும் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.
முறையியல் இருபதுக்குப் பன்னிரண்டு,
ஒழுக்கநெறி பத்துக்கு நான்கு.
அந்தப் பந்திக்கு நான் கொடுக்க நினைத்ததற்குப்
புள்ளித்தாளில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை ஸ்கூட்டிக்குக் காற்றடிக்க நின்றேன்.
அவன்தான். வளர்ந்துவிட்டான், கையெல்லாம் கிறீஸ்.
'பின் சில்லுக்கு முப்பத்திரண்டு காணுமே மிஸ்?'
காணும் என்றேன்.
மற்றதொன்றையும் நான் கேட்கவில்லை.
ஆய்வில் இல்லாத ஒரு கேள்வி,
எப்படி இருக்கிறாய் தம்பி,
நாக்கு வரை வந்தது.
அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இதை வாசிப்பவர்களுக்கு:
அது பஸ் தரிப்பிடம் இல்லை.
தாய் விற்றது கச்சானும் இல்லை.
மாங்குளத்தில் தேடவேண்டாம்.
சில்லையும் மாற்றிவிட்டேன்.
றோட்டு வெறுமையாய்க் கிடந்ததை மட்டும்
எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை.